அந்தத் தாத்தாவை அடித்தால் எத்தனை புள்ளி?



அண்மையில் பயிற்சி ஆசிரியர்கள் இருவர் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தனர். புதன்கிழமை புறப்பாட நடவடிக்கையின்போது, தமிழ்மொழிக் கழகத்தில் நான் நடத்தும் கதை விளையாட்டை வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தனர். முடிந்ததும் அவர்களுள் ஒருவர், “டீச்சர், பிள்ளைகளுக்குப் பரிசு எப்படிக் கொடுக்கிறீர்கள்? புள்ளிப் பலகையைக் காணோமே!” என்று கேட்டார். அன்று நின்றபடியே ஏதோ இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டிற்கு வந்த பின்புதான், அக்கேள்விக்குரிய முழுமையான பதிலில் நான் செய்த பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பது மனத்தை உறுத்தியது. அதனை மறைக்காமல் எழுதுவதே முறை. இவ்விளையாட்டைப் புதிதாக நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும், விடுமுறையில் வீட்டிலேயே ஆடிப் பார்க்க நினைக்கும் பெற்றோர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இஃது என்ன விளையாட்டு?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துபவர். ஆங்கிலத்தில் அவரைக் ‘கேம் மாஸ்டர்’ என்பர். நான் கதைநடத்துநர் என்று அழைக்கிறேன். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். கதைநடத்துநர் ஒரு சூழலை விவரித்து, “இப்பொழுது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பார். ஆடுபவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார். அச்செயல் கைகூடுமா கூடாதா என்பது ஐயமாக இருந்தால் பகடையை உருட்டி முடிவு காண்பர். கதை மேலும் நகரும். அவ்வளவுதான்.

இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதலாக அச்சாகி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் எனும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளியிட்டனர். சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து அது பிறந்தது.

எனக்கு இதனை அறிமுகப்படுத்தியவன் பல்கலைக்கழகத்தில் பயிலும் என் அண்ணன் மகன். 2022-ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் மீண்டும் வழக்கநிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். இரண்டு ஆண்டுகள் திரைக்கு முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் வாய் திறந்து பேசவே தயங்கினர். அதைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவன் தன் பையிலிருந்து இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, “அத்தை, இத வச்சுப் பேச வைக்கலாம்” என்றான்.

கதைக்களத்தை நானே அமைத்துக்கொண்டேன். இன்றைய கெடா மாநிலம்தான் பழைய கடாரம் என்பதையும், 1025-இல் இராசேந்திர சோழனின் படையெடுப்பு அதனைத் தொட்டது என்பதையும் நம் பிள்ளைகள் பாடத்தில் கேட்டிருப்பர். லெம்பா பூஜாங்கில் கற்கோயில்களின் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்குத் தளங்களும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ஒரு வணிகக் கப்பல், தொலைவில் தெரியும் ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு ஆற்று முகத்துவாரத்தை நெருங்குகிறது என்று கதையைத் தொடங்கினேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஐவர் ஆடினர். பிள்ளைகளின் பெயரை இங்கு எழுதுவது முறையன்று. அவர்கள் ஏற்ற பாத்திரங்களின் பெயராலேயே சொல்கிறேன்: மாலுமி, வணிகர், காவலர், துபாசி, மருத்துவச்சி. துபாசி என்றால் இருமொழி அறிந்து பெயர்த்துச் சொல்பவர். பிள்ளைகளுக்கு அச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

என் முதல் பிழை

ஆசிரியர் பயிற்சிக் காலத்திலிருந்தே விண்மீன் அட்டை, ஒட்டுவில்லை, புள்ளிப் பலகை ஆகியவற்றுடன் வாழ்ந்து பழகியவள் நான். எனவே, முதல் நாளே வெண்பலகையில் ஒரு பட்டியல் எழுதிவிட்டேன். கடற்கொள்ளையரை வென்றால் பத்துப் புள்ளி. முதலையை வென்றால் ஐந்து. புதையல் கண்டால் பதினைந்து.

ஆற்று முகத்துவாரத்தில் ஒரு முதியவரை அமர்த்தியிருந்தேன். ஆற்றில் எங்கு ஆழம், எங்கு மணல்மேடு என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. அவரிடம் அன்பாகப் பேசினால் கப்பல் பத்திரமாக உள்ளே செல்லும் என்பது என் திட்டம். முதியவரைப் போலவே குரலை மாற்றி, இடையிடையே இருமி நடித்தும் காட்டினேன். காவலர் பாத்திரம் ஏற்றிருந்த மாணவன் என்னை ஒருமுறை பார்த்தான். வெண்பலகையை ஒருமுறை பார்த்தான். “டீச்சர், அந்தத் தாத்தாவ அடிச்சா எத்தன புள்ளி?” என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால், அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பகடையை உருட்டினான், பதினெட்டு விழுந்தது. முதியவர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். கப்பல் மணல்மேட்டில் தட்டி நின்றது.

அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது. பிறகு நிதானமாக எண்ணிப் பார்த்தபோது, அவன்மேல் தவறே இல்லை என்று புரிந்தது. அடிதடிக்கு விலைப்பட்டியல் எழுதி மாட்டியவள் நானல்லவா? கடைக்கு வந்தவன் விலை கேட்டான், அவ்வளவுதான்.

என் இரண்டாம் பிழை

முதற்பிழையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு அதனினும் பெரிய பிழையைச் செய்தேன். சண்டைப் புள்ளிகளை அழித்துவிட்டு, முழுத் தமிழ் வாக்கியம் பேசினால் ஒரு புள்ளி, பிறமொழிச் சொல் கலந்தால் ஒரு புள்ளி கழிவு என்று அறிவித்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு இதைவிடச் சிறந்த விதி வேறென்ன இருக்க முடியும் என்று என் மனம் பெருமைப்பட்டது.

வணிகர் அன்று பேசிய தமிழைக் கேளுங்கள்: “நான் எழுந்தேன். நான் நின்றேன். நான் கடலைப் பார்த்தேன். நான் மறுபடியும் கடலைப் பார்த்தேன். நான் மூச்சு விட்டேன்.” ஐந்து புள்ளிகள்! கதை ஓர் அடிகூட நகரவில்லை. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகவே இருந்தன. சொல்வதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

இது நகைப்புக்குரிய பகுதி. மற்றொரு பகுதியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மருத்துவச்சியாக ஆடிய மாணவி இரண்டாம் ஆண்டு முதல் பகல் முழுவதும் மலாய்க்காரப் பராமரிப்பாளர் வீட்டில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மலாய்ச் சொற்கள் தாமாக வந்து விழும். அன்று அவள் மூன்று முறை வாய் திறந்தாள். மூன்று முறையும் அவள் பெயருக்கு நேரே கழித்தல் குறி இட்டேன். பலகையில் கழித்தல் மூன்று என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருந்தது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை வயிற்றுவலி என்று துண்டுக் கடிதம் வந்தது. அவள் தாயாரை அழைத்துப் பேசினேன். “வயிற்றுவலி எல்லாம் இல்ல டீச்சர். தனக்குத் தமிழ் வராதுன்னு சொல்றா. சீனப்பள்ளிக்கோ மலாய்ப்பள்ளிக்கோ மாத்திவிடச் சொல்லி அழறா” என்றார்.

அந்தச் சொற்கள் என் மனத்தில் ஆழமாகத் தைத்தன. தமிழை வளர்க்க நான் வைத்த புள்ளி, ஒரு தமிழ்ப்பிள்ளையின் வாயைப் பூட்டிவிட்டது. ஊக்கமளிக்க வேண்டிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்தே துரத்தப் பார்த்திருக்கிறேன்.

தாத்தாவுக்குக் காய்ச்சல்

அண்ணன் மகனுக்குத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அத்தை, புள்ளியெல்லாம் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க. அந்தப் பிள்ளை முதல் நாள் கதைக்குள்ள என்ன செஞ்சா? அத ஞாபகப்படுத்திப் பாருங்க. அத திரும்பக் கதைக்குள்ள கொண்டு வாங்க. அதான் பரிசு” என்றான்.

எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் நான் முதியவராக நடித்து இருமியபோது, எல்லாரும் புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இரைச்சலில், ஒரு மெல்லிய குரல், “தாத்தா ஏன் டீச்சர் இருமுறாரு?” என்று கேட்டது. கேட்டவள் அவள்தான். ஒரு மருத்துவச்சி கேட்க வேண்டிய மிகச் சரியான கேள்வி அது! என் பட்டியலில் கேள்விக்குப் புள்ளி இல்லாததால் நானும் அதனைக் கடந்து போய்விட்டேன்.

தாயாரிடம் பேசி, ஒரே ஒரு முறை மட்டும் அவளை அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொண்டேன். பலகையைத் துடைத்துவிட்டேன். அந்தப் புதன்கிழமை கதையை இப்படித் தொடங்கினேன்: இரவு நேரம். மணல்மேட்டில் தட்டி நிற்கும் கப்பலை நோக்கி ஒரு சிறு படகு வருகிறது. படகில் ஒரு சிறுவன். “என் தாத்தா காய்ச்சலில் கிடக்கிறார். உங்கள் கப்பலில் ஒரு மருத்துவச்சி இருக்கிறாராம். அன்று தாத்தா இருமியதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தானாம். அவரைத்தான் அழைத்து வரச் சொன்னார்” என்கிறான்.

நான்கு தலைகள் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. அவள் நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “நான் போறேன். பாட்டி செய்வாங்க... இஞ்சி, துளசி... தும்போக் செஞ்சு, சுடுதண்ணில...” என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று வெண்பலகையைப் பார்த்தாள். பலகை வெறுமையாக இருந்தது. துபாசி தன் கடமையைச் செய்வதுபோல், “தும்போக்னா இடிக்கிறது” என்று சிறுவனுக்குப் பெயர்த்துச் சொன்னான். அவள், “ம்... இடிச்சு, சுடுதண்ணில கலந்து கொடுக்கணும்” என்றாள்.

காவலர் தானாக எழுந்து, “நானும் வர்றேன். தாத்தாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்” என்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புள்ளியும் தரவில்லை. ‘இடித்து’ என்ற சொல் அன்று அவளுக்குத் தேவைப்பட்டது. அதனால் வந்து சேர்ந்தது.

கதைநடத்துநருக்குச் சில கருத்துகள்

பின்னர் இத்துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். என் பட்டறிவோடு ஒத்துப்போனவற்றை மட்டும் இங்குத் தருகிறேன்.

1. எதற்குப் பரிசு கொடுக்கிறீர்களோ அதுவே விளையாட்டாகிவிடும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் தொடக்கக்காலப் பதிப்புகளில், பாதுகாப்பாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு பட்டறிவுப் புள்ளி கிடைத்தது. அரக்கர்களைக் கொல்வதற்குக் கிடைத்த புள்ளிகளோ குறைவு. அதனால் ஆடியவர்கள் முடிந்தவரை சண்டையைத் தவிர்த்து, தந்திரமாகப் புதையலை எடுத்துவரப் பார்த்தனர். பிற்காலப் பதிப்புகளில் எதிரிகளை வெல்வதே புள்ளிக்கு முதன்மை வழியானது. ஆட்டமும் சண்டையை நோக்கித் திரும்பியது. ஆகவே, பட்டியல் எழுதுவதற்கு முன், “இந்த மேசையில் நான் மீண்டும் மீண்டும் எதைக் காண விரும்புகிறேன்?” என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உயர்வு எல்லாருக்கும் ஒன்றாகவே வரட்டும். தனித்தனியே புள்ளி எண்ணாமல், கதையில் ஒரு முக்கியக் கட்டத்தைக் கடந்ததும் குழுவிலுள்ள அனைவரையும் அடுத்த நிலைக்கு உயர்த்தும் முறை ஒன்று உண்டு. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் நடத்துநர் கையேட்டிலும் அது விளக்கப்பட்டுள்ளது. எங்கள் கப்பல் துறைமுகத்தை அடைந்த அன்று ஐவரும் ஒன்றாக உயர்ந்தனர். அன்று காய்ச்சலால் வராத மாலுமியும் உயர்ந்தான். நோயுற்ற பிள்ளை பின்தங்கிப் போகும் விளையாட்டு நமக்கு வேண்டா.

3. தோல்விக்கும் ஒரு பலன் இருக்கட்டும். ‘டன்ஜன் வேர்ல்டு’ என்றொரு விளையாட்டில், பகடை உருட்டித் தோற்கும் ஒவ்வொரு முறையும் ஆடுபவருக்கு ஒரு பட்டறிவுப் புள்ளி கிடைக்கும். தவறினால் கற்கிறோம் என்பதை அவ்விதி விளக்கவுரையின்றியே சொல்லிவிடுகிறது. ‘பிழையாகிவிடுமோ’ என்று வாய் மூடிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

4. பொருளைப் பரிசாகக் கொடுக்கும்போது சிக்கனம் தேவை. ஒருமுறை மாலுமிக்கு எந்தப் புயலையும் அடக்கும் சங்கு ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு எங்கள் கதையில் கடல் என்பதே அச்சமற்ற குளமாகிவிட்டது! கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து, ஒருமுறை மட்டுமே பயன்படும் பொருள்களையே கொடுக்கிறேன். மூன்றே மடக்கு மருந்து, ஒரே ஒரு முறை திறக்கும் சாவி என்பன போல. அவற்றுக்கு ஒரு வரலாறும் இருக்க வேண்டும். வெறும் கத்தியைவிட, சுங்கை பத்துக் கொல்லர் தம் மகளுக்காக அடித்த கத்தி என்றால் பிள்ளை அதனைப் போற்றி வைத்துக்கொள்வாள்.

5. உடனடிப் பாராட்டைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி, தம் பாத்திரத்தின் இயல்புக்கேற்ப நன்றாக ஆடியவருக்குக் கதைநடத்துநர் ஓர் ஊக்கம் அளிக்கலாம். அதைக்கொண்டு அவர் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுத்துக்கொள்வார். நான் அதனைச் சற்று மாற்றிக்கொண்டேன். ஆட்டத் தொடக்கத்தில் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுப்பேன். அதனைத் தனக்கென வைத்துக்கொள்ளக் கூடாது. நன்றாகச் செய்த வேறொருவருக்கு, காரணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெற்றவர் அதைக்கொண்டு ஒருமுறை மீண்டும் உருட்டலாம். “நீ தாத்தாவப் பத்திக் கேட்டதுக்கு” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்வது, நான் ஒட்டும் நூறு விண்மீன்களுக்கு ஈடாகும்.

6. கழித்தல் குறி வேண்டவே வேண்டா. ஒழுங்கைக் காக்க வேண்டுமாயின் தனியே அழைத்துப் பேசுங்கள். உழைத்துப் பெற்றதைப் பலர் முன்னிலையில் பறிக்காதீர்கள். இதை எழுத எனக்கு முழுத் தகுதியும் உண்டு. ஏனெனில், பறித்தவள் நான்.

7. எல்லாவற்றினும் பெரிய பரிசு, கதை நினைவில் வைத்திருப்பதுதான். ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் ஐந்து பெயர்களையும் எழுதி, அவரவர் சொன்னதில் அல்லது செய்ததில் ஒன்றைக் குறித்து வைக்கிறேன். அடுத்த வாரக் கதையில் அவற்றுள் ஒன்றாவது திரும்பி வரும். எவர் பெயருக்கு நேரே இரண்டு வாரமாக ஒன்றும் இல்லையோ, அவருக்காக ஒரு கதவைத் திறந்து வைப்பேன். இதற்குக் காசு செலவில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் எனும் உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓவியம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட பாலர் பள்ளிக் குழந்தைகளுள் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு, வரைந்து முடித்த பின் எதிர்பாராத வகையில் அதே சான்றிதழ் கொடுக்கப்பட்டது. எஞ்சியோருக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. சில நாள்கள் கழித்துக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மட்டும் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டிருந்தனர். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை.

யூபிஎஸ்ஆர் தேர்வு நடந்த காலத்தில், ஓர் ‘ஏ’வுக்கு ஐம்பது வெள்ளி என்று பிள்ளைகளிடம் விலை பேசிய பெற்றோர் பலரை நான் அறிவேன். அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. விலை பேசும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. பிள்ளை ஆர்வத்தோடு செய்யும் ஒன்றுக்கு முன்கூட்டியே விலை வைக்காதீர்கள். செய்து முடித்த பின், என்ன செய்தான் என்பதைக் குறிப்பாகச் சொல்லி மகிழுங்கள். “கெட்டிக்காரன்” என்பதைவிட, “அந்தப் படத்தில் மழைக்கு முன்னால் வரும் இருட்டை நீ வரைந்திருந்தாயே” என்பது பிள்ளையின் மனத்தில் நெடுநாள் தங்கும்.

மருத்துவச்சி பள்ளி மாறவில்லை. திடீரென்று பேச்சுப் போட்டியில் வென்றுவிட்டாள் என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை; அவள் வெல்லவில்லை. தமிழ்த்தாளில் நடுத்தர மாணவியாகவே இருந்து ஆறாம் ஆண்டை முடித்தாள். ஆனால், புதன்கிழமைகளில் ஒரு நாள்கூட அவளுக்கு வயிற்றுவலி வரவில்லை. பள்ளியின் கடைசி வாரத்தில் புளியங்கொட்டைப் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், வாசலில் நின்று, “டீச்சர், அந்தத் தாத்தா இன்னும் அங்கதான் இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்கிறார். இருமல் நின்றுவிட்டது” என்றேன்.

புதிய குழு இவ்வாண்டும் அதே முகத்துவாரத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதியவர் கரையில் அமர்ந்திருக்கிறார். வெண்பலகை வெறுமையாகவே இருக்கிறது.